மூடுபனி வந்தால் உட்கார்ந்துவிடு

போன மே மாதம் பேத்தி பெங்களூரிலிருந்து லீவுக்கு வந்திருந்தாள். பதின்மூன்று வயது. செல்போனில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் தன்னந்தனியாகக் காட்டுக்குள் போய், குச்சியோடு குச்சியை உரசி நெருப்பு மூட்டி, இலைதழையில் கூரை போட்டுத் தூங்குவதை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று என் பக்கம் திரும்பி, "பாட்டி, நீதான் பைக்காரால முப்பது வருஷம் இருந்தியே, உனக்கு இதெல்லாம் தெரியுமா? எத்தனை நாள்ல கத்துக்கலாம்?" என்றாள்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எழுபது வயது தாண்டியாகிவிட்டது. அந்தக் காட்டுப் பள்ளிக்கூடத்தில் நான் இன்னும் மூன்றாம் கிளாஸ்கூடத் தாண்டவில்லை. அதையும் ஃபெயிலாகி ஃபெயிலாகித்தான் படித்தேன். எனக்குச் சொல்லிக் கொடுத்தவர்களை நான் முதலில் எப்படி நடத்தினேன் என்பதை அவளிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது. அதையும் சேர்த்துத்தான் இங்கே எழுதுகிறேன்.

கும்பகோணத்தில் பிறந்த எனக்கு மலை என்றால் சுவாமிமலைதான். அதற்கும் அறுபது படி! 1974இல் கல்யாணமாகி, மின்சார வாரியத்தில் வேலை பார்த்த கணவரோடு பைக்காராவில் வந்து இறங்கினேன். ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் சாலையில் இருபது கிலோமீட்டர். முகுர்த்தி மலையில் பிறக்கிற பைக்காரா ஆற்றை மறித்து, தண்ணீரை மலைக்குக் கீழே சிங்காராவுக்கு இறக்கி, 1932இலேயே மின்சாரம் எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். கோயமுத்தூரில் மில்கள் பெருகியதற்கு இந்தப் பைக்காரா கரண்ட் ஒரு முக்கியமான காரணம். ஆனால் ஊருக்கெல்லாம் கரண்ட் கொடுத்த பைக்காராவில் நான் சமைத்தது விறகடுப்பில்! கேஸ் வந்தது 1983இல்.

குவார்ட்டர்ஸின் பின்கதவைத் திறந்தால் புல்வெளி. மடிப்பு மடிப்பாக மேடும் பள்ளமும். பள்ளங்களில் கருகருவென்று சோலை. அந்தப் பக்கம் சீகை மரங்கள், இந்தப் பக்கம் கற்பூர மரங்கள் (நாம் தைல மரம் என்கிறோமே, அதைத்தான் மலையில் அப்படிச் சொல்வார்கள்). பிற்பாடு இங்கே சினிமாக்காரர்கள் வந்து, ஷிஃபான் புடவை கட்டிய கதாநாயகிகள் அந்தக் குளிரில் ஆடிப் பாடியதை எங்கள் வாசலிலிருந்தே பார்த்திருக்கிறேன். பாவம், ஷாட் முடிந்ததும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வெடவெடவென்று நடுங்குவார்கள். அது படத்தில் வராது.

முதல் ஆடி மாதமே அடுப்பு எரியவில்லை. வீடு முழுக்கப் புகை. அவர் ஷிஃப்டுக்குக் காபிகூடக் குடிக்காமல் போனார். நான் முற்றத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தபோது, கோணிச்சாக்கைக் கொங்காணி போட்டுக்கொண்டு, தலையில் சுமையோடு ஒரு பெண்மணி வந்து நின்றாள். நாற்பது வயதிருக்கும். "என்னம்மா, விறகு ஈரமா?" என்றாள். சுமையை இறக்கிவிட்டு என் விறகைப் புரட்டிப் பார்த்தாள். "இது தரையில கெடந்து பொறுக்கினது. நாலு மாசம் மழையைக் குடிச்சிருக்கு. மரத்திலேயே நின்னு காஞ்ச குச்சியா பாத்து ஒடிக்கணும். ஒடிச்சா 'படக்'னு சத்தம் வரணும். வளைஞ்சா போட்டுரு."

நெருப்புப் பிடிக்கக் கற்பூர மரத்தின் காய்ந்த பட்டை, அதன்மேல் 'படக்' குச்சி, பிறகு சீகை விறகு. அந்தப் பட்டையிலும் இலையிலும் தைலம் இருப்பதால் லேசான ஈரம் இருந்தாலும் பற்றிக்கொள்ளும். அடுத்த வாரத்து விறகு, அடுப்புக்கு மேலே பரணில் இப்போதே ஏறியிருக்க வேண்டும். இவ்வளவுதான் முதல் பாடம். எனக்குச் சரியாகக் கைவர இரண்டு மழைக்காலம் பிடித்தது.

அந்த அக்கா இலங்கையிலிருந்து வந்தவள். 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் இங்கே அனுப்பப்பட்ட லட்சக்கணக்கான தோட்டத் தொழிலாளர்களில் ஒருத்தி. தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் தங்கி, மூன்று பிள்ளைகளோடு நீலகிரிக்கு வந்து, காட்டில் கூலி வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். வேலை முடிந்து திரும்பும்போது சுள்ளிச் சுமை.

என் மாமியார் அவளுக்கென்று ஒரு அலுமினிய டம்ளரைப் பின்திண்ணை மாடத்தில் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்தார். தண்ணீரோ காபியோ அதில்தான். மாமியார் ஊருக்குத் திரும்பிப் போன பிறகும் அந்த டம்ளர் அங்கேயே இருந்தது. நான் எடுக்கவில்லை. 'எடுக்கத் தோன்றவில்லை' என்று எழுதினால் பொய். தோன்றியது; எடுக்கவில்லை.

ஆனால் அவள் பின்னால் நடந்தேன். மத்தியானம் வீட்டு வேலை முடிந்ததும் அவளோடு சுள்ளி பொறுக்கப் போவேன். அவள் பாடம் நடத்த மாட்டாள். நடப்பாள், நிற்பாள், மூக்கை உறிஞ்சுவாள். "மாட்டு வாடை வருது. இந்தப் பக்கம் வேணாம்" என்பாள். எனக்கு ஒன்றும் தெரியாது. நாலு அடி தள்ளிப் பார்த்தால் புதுச் சாணி ஆவி பறக்கும். காட்டெருமை! கூட்டத்தைவிடத் தனியாக நிற்கும் கிழட்டுக் கடாதான் ஆபத்து, ஓடக் கூடாது, முதுகைக் காட்டாமல் மெதுவாகப் பின்வாங்கி வழி விட வேண்டும், சோலையோரம் போகும்போது பேசிக்கொண்டே போனால் அதுவே விலகிப்போகும். இதெல்லாம் ஒரே நாளில் கேட்டது இல்லை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு பயத்தோடு வந்தது. (இப்போது ஊட்டி, குன்னூர் தெருக்களிலேயே காட்டெருமை நடமாடுகிறது. சுற்றுலா வருகிறவர்கள் பக்கத்தில் போய் ஃபோட்டோ எடுக்கிறார்கள். பார்த்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும்.)

செந்தட்டியை மட்டும் யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. அகல அகலமான பச்சை இலை, கீரை போல இருந்தது. கை வைத்தேன். ஆயிரம் குளவி கொட்டின மாதிரி இருந்தது. அக்கா ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டு, "தேய்க்காதம்மா, தேய்ச்சா முள்ளு உள்ள போகும்" என்று ஓடைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தாள். நீலகிரியின் தோடர்கள் முன்பு இதே செடியைக் காய்ச்சி நார் எடுத்து நூலாக்கியிருக்கிறார்கள் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். என்னைத் துடிக்க வைத்த செடி இன்னொருத்திக்குத் தையல் நூல்!

ஒருநாள் மழைக்குப் பிறகு புல்வெளியில் குடை குடையாகக் காளான். "பறிக்கலாமா அக்கா?" என்றேன். அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "எங்க தோட்டத்துல எது தின்னலாம்னு கண்ணை மூடிட்டுச் சொல்லுவேன். இந்த மலை எனக்குப் புதுசு. அங்க தெரிஞ்சது இங்க தெரிஞ்சதாகாது." எல்லாம் தெரிந்தவள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த அவளும் நாற்பது வயதில் மறுபடி ஒன்றாம் கிளாஸிலிருந்துதான் ஆரம்பித்திருக்கிறாள்! அவளுக்கு யார் டீச்சர் என்று கேட்டேன். புல்வெளிக்கு அப்பாலிருந்த தோடர் மந்தைக் காட்டினாள்.

அங்கே ஒரு தோடர் பாட்டியம்மா வெயிலில் உட்கார்ந்து பூத்துக்குளிப் போர்வையில் எம்பிராய்டரி போட்டுக்கொண்டிருப்பார். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்பும். டிரேஸ் பேப்பர் கிடையாது, பென்சில் கோடு கிடையாது. துணியின் இழைகளை விரலால் எண்ணி எண்ணிப் போடுவார். 2013இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது நான் அவரைத்தான் நினைத்துக்கொண்டேன். பக்கத்தில் சின்னப் பெண்கள் சும்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். "சொல்லித் தர மாட்டீங்களா பாட்டி?" என்று கேட்டதற்கு, "பாத்துக்கிட்டுத்தானே இருக்கு" என்றார்.

அவர்தான் ஒருநாள் புல்லுக்குள்ளிருந்து குண்டூசித் தலை போன்ற ஒரு நீலப் பூவைப் பறித்து என் உள்ளங்கையில் வைத்தார். பூ மெல்ல மூடிக்கொண்டது. எவ்வளவு சீக்கிரம் மூடுகிறதோ அவ்வளவு கவலை மனசில் என்று சொல்லிச் சிரித்தார். அப்போது நான் ஐந்து மாதக் கர்ப்பிணி. என் பூ கண் இமைப்பதற்குள் மூடியது போலத்தான் எனக்குத் தோன்றியது. ஊட்டியில் பல் மருத்துவராக இருந்துகொண்டே தோடர்களோடு பல ஆண்டு பழகிய தருண் சாப்ரா 2015இல் வெளியிட்ட 'தி தோடா லேண்ட்ஸ்கேப்' என்ற புத்தகத்தைப் பற்றிக் கேள்விப்பட்டபோது, பாட்டியம்மாவின் வாயிலிருந்ததெல்லாம் எழுத்தில் ஏறியதே என்று சந்தோஷமாக இருந்தது.

இனி, அந்த நாள்.

1981 ஜூலை. என் பிள்ளைக்கு ஆறு வயது. மழை இரண்டு நாள் விட்டிருந்தது. பின்கதவுக்கு வெளியே விளையாடிக்கொண்டிருந்தவன், தோடர் எருமைகள் போவதைப் பார்த்துப் பின்னாலேயே போயிருக்கிறான். நான் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தேன். மூன்று மணிக்குக் கூடலூர்ப் பக்கப் பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறியது. அதைப் பார்க்காதவர்களுக்குச் சொல்வது கஷ்டம். யாரோ வெள்ளைப் போர்வையை உதறி விரித்த மாதிரி ஐந்தே நிமிஷத்தில் வேலி தெரியாது, கிணறு தெரியாது, நீட்டிய கை தெரியாது. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். பதில் இல்லை.

கத்திக்கொண்டே புல்வெளியில் ஓடினேன். பத்தடி போனதும் யாரோ முந்தானையைப் பிடித்து இழுத்தார்கள். அக்கா! "எங்க ஓடுற? ஒண்ணைத் தேடறதா, ரெண்டைத் தேடறதா?" என்று என்னை அதட்டினாள். அதுவரை அவள் என்னை ஒருமையில் பேசியதில்லை.

லைனில் இருந்த பெண்களையெல்லாம் கூப்பிட்டாள். ஒருத்தி குரல் அடுத்தவளுக்குக் கேட்கிற தூரத்தில் வரிசையாக நிறுத்தினாள். கடைசி ஆள் வீட்டு வாசலில், கையில் பித்தளைத் தாம்பாளம், கரண்டி. அந்தச் சத்தம்தான் எங்களுக்கு வீட்டு வழி. "ஒரு தடவை கூப்பிடணும். அப்புறம் வாயை மூடிக்கிட்டுக் காது குடுக்கணும். எல்லாரும் ஒண்ணா கத்தினா புள்ள குரல் எப்படிக் கேக்கும்?" என்றாள். பள்ளத்துப் பக்கம் சதுப்பு, கால் வைத்தால் முழங்கால் வரை இழுக்கும்; அதனால் மேட்டு ஓரமாகவே வரிசை நகர்ந்தது. கூப்பிடு, நில், கேள். கூப்பிடு, நில், கேள். நான் சாமி பெயர் ஒன்று விடாமல் வேண்டிக்கொண்டிருந்தேன். இரண்டு மணி நேரம்.

ஐந்து மணி சுமாருக்கு அக்கா கையை உயர்த்தினாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவள் மட்டும் நடந்தாள். தனியாக நின்ற ஒரு காட்டுப்பூவரசு மரத்தடியில், மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, உதடு நீலம் பாரித்து உட்கார்ந்திருந்தான். "அத்தை சொன்னாங்கல்ல, மூடுபனி வந்தா உக்காந்துருன்னு" என்றான், பல் கிட்டித்தபடி. லைன் குழந்தைகளுக்கெல்லாம் அவள் சுள்ளி கட்டும்போது விளையாட்டாகச் சொல்லி வைத்திருந்தாளாம். பனி வந்தால் நடக்காதே, ஒரு மரத்தைப் பிடித்து உட்காரு, யாராவது வருவார்கள் என்று. என் பிள்ளையைப் பெற்ற எனக்கு அதைச் சொல்லித் தரத் தெரியவில்லை.

அதே 1981 பிப்ரவரியில் அமெரிக்காவில், கலிபோர்னியாவின் பாலோமர் மலையில் ஒன்பது வயதுப் பையன் ஒருவன் வழி தவறிவிட்டான். பல நாள் தேடியும் உயிரோடு மீட்க முடியவில்லை. தேடப் போனவர்களில் ஒருவரான ஆப் டெய்லர் என்ற தடம் பார்ப்பவர், அந்தத் துக்கத்தில் பள்ளிக் குழந்தைகளுக்காக ஒரு பயிற்சியை ஆரம்பித்தார். அதன் பெயரே 'ஒரு மரத்தைக் கட்டிக்கொள்' என்பதுதான். என் பிள்ளை வளர்ந்து, இதைப் படித்துவிட்டு என்னிடம் சொன்னபோது உடம்பு சிலிர்த்தது.

வீட்டுக்குத் தூக்கி வந்ததும் நான் செய்த முதல் காரியம், குமுட்டி அடுப்பில் கரியை நிரப்பி, உள் அறையில் வைத்து, குளிர் வராமல் ஜன்னலையெல்லாம் சாத்தியதுதான். அக்கா எட்டி உதைக்காத குறையாக ஜன்னலைத் திறந்தாள். குமுட்டியை முற்றத்தில் தூக்கி வைத்தாள். மூடிய அறையில் கரி கனன்றால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு வரும், நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது, தூக்கத்திலேயே கொண்டுபோய்விடும். இன்றைக்கும் மலைக்கு வருகிறவர்கள் அறைக்குள் கரியடுப்பு வைத்துத் தூங்கி, விடியாமலே போன செய்தி வருகிறது. தயவுசெய்து செய்யாதீர்கள், சகோதரிகளே.

ஈரத் துணி எல்லாவற்றையும் கழற்றி, துடைத்து, என் ரவிக்கையோடு சேர்த்து அணைத்து, இரண்டு பேரையும் ஒரே கம்பளியில் தலை வரை சுற்றினாள். நடுக்கம் குறைந்து, நன்றாக விழித்துப் பேச ஆரம்பித்த பிறகுதான் வெதுவெதுப்பான சர்க்கரைப் பால், கொஞ்சம் கொஞ்சமாக. பக்கத்து வீட்டுக்காரர் பிராந்தி கொண்டுவந்தார். வேண்டாம் என்று திருப்பி அனுப்பினாள். நான் கை காலில் நீலகிரித் தைலம் சூடு பறக்கத் தேய்க்கப் போனேன், அதையும் தடுத்தாள். பிற்பாடு டாக்டரிடம் கேட்டேன். எல்லாம் சரி என்றார். குளிரில் விறைத்த குழந்தையைத் தேய்க்கவும் கூடாது, வெந்நீரில் முக்கவும் கூடாது. நடுக்கம் நின்று மயக்கம் மாதிரி வந்தால் அரை நிமிஷம் தாமதிக்காமல் ஆஸ்பத்திரி. அந்தத் தைலத்தையும் குழந்தை வாயில் படவிடக் கூடாது. சிறிதளவு விழுங்கினாலே வலிப்பு வரலாம் என்றார். வீட்டில் பாட்டில் எட்டாத உயரத்துக்குப் போயிற்று.

ராத்திரி பிள்ளை தூங்கின பிறகு அக்காவுக்குக் காபி கலந்தேன். மாடத்திலிருந்த அலுமினிய டம்ளரைப் பார்த்தேன். வீட்டு டபரா டம்ளரில் ஊற்றி, கூடத்தில் உட்காரச் சொல்லிக் கொடுத்தேன். மனசுக்குள் பெரிய காரியம் செய்துவிட்ட நினைப்பு. அவள் வாங்கிக் கையை உதறினாள். "இது சுடுதே தங்கச்சி. எனக்கு என் டம்ளரே வசதி" என்றாள். அவளுக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்தது, ஏழு வருஷமாக. நான் தலையைத் தூக்கவில்லை. தங்கச்சி என்று அவள் கூப்பிட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை. அதன் பிறகு கடைசி வரைக்கும் அப்படித்தான். மகளோடு கூடலூர்ப் பக்கம் போனவள் 2009இல் காலமாகிவிட்டாள்.

பேத்தியிடம் இதையெல்லாம் பாதி சொன்னேன், பாதி விழுங்கினேன். அவளுக்கு வேறு இரண்டு கதையும் சொன்னேன். செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரையும் 2017இல் ஃபுளோரிடாவுக்கு மலைப்பாம்பு பிடிக்க அழைத்துப் போனார்கள். முதல் இரண்டு வாரத்துக்குள்ளேயே 13 பாம்புகள்! 2023இல் பத்மஸ்ரீ. பள்ளிக்கூடத்தில் படித்த வித்தை இல்லை. சின்ன வயதிலிருந்து பெரியவர்கள் பின்னால் நடந்த வித்தை. எங்கள் மலைக்குக் கீழே தெப்பக்காடு யானைகள் முகாமில், காட்டுநாயக்கர் பெண் பெள்ளி, தாயில்லாத யானைக் குட்டிகளைத் தன் பிள்ளைகள் மாதிரி வளர்த்தார். அந்தப் படம் 2023இல் ஆஸ்கார் வாங்கியது. அதே வருஷம் தமிழக அரசு அவரை முதல் பெண் காவடியாக நியமித்தது. நடு வயது தாண்டிய பெண்மணிக்குப் புது உத்தியோகம்!

"அப்போ எனக்கும் நடந்துதான் காட்டேன்" என்றாள் பேத்தி.

இப்போது நாங்கள் ஊட்டியில் ஃபிங்கர்போஸ்ட் பக்கம் இருக்கிறோம். பஸ் பிடித்துப் பைக்காரா போனோம். பஸ்ஸிலேயே செந்தட்டியைப் பற்றி மூன்று தடவை சொன்னேன். செல்போனில் படமும் காட்டினேன். "தெரியும் பாட்டி, தெரியும்" என்றாள். இறங்கிப் பத்து நிமிஷத்தில் 'வீல்' என்று ஒரு கத்தல். கையை உதறிக்கொண்டு குதிக்கிறாள். "தேய்க்காதே!" என்று நான் கத்தினேன். வாட்டர் பாட்டில் முழுவதும் ஊற்றினேன். கண்ணில் தண்ணீரோடு, "படத்துல இவ்ளோ உயரமா இல்லையே!" என்று என்மேல் கோபித்துக்கொண்டாள்.

மறுநாளும் போக வேண்டும் என்றாள். ஆற்றோரப் பாதையில் நான் பழைய ஞாபகத்தில் எதையோ பார்த்துக்கொண்டே நடந்தேன். கண்ணாடி வேறு பனியில் மங்கியிருந்தது. சட்டென்று என் முந்தானை பின்னால் இழுபட்டது.

"பாட்டி, நில்லு. இந்தப் பக்கம் வா. உன் கால்கிட்ட இருக்கு பாரு."